வாசகர் கேள்வி–பதில்: படங்கள் பெருகப் பெருக ஓவியம் நின்றுபோவது ஏன்?

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஓவியத்தைப் பற்றியவை. நான்கும் பேராக் மாநிலத்திலிருந்து வந்தவை. நான்கும் ஒரே தொல்லையைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து பேசுகின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கே இப்பக்கங்களைத் தருகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டுகிறேன். எங்கள் தோட்டம் இப்போது முழுவதும் செம்பனையாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் இருக்கிறது. பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு அங்கே கூடுவார்கள். இவ்வாண்டு கோயில் மண்டபத்தில் மாட்டுவதற்காக, அந்தக் காலத்துப் பெரட்டையும் பால்வெட்டையும் காட்டும் ஓவியம் ஒன்றை ஆறடிக்கு நான்கடி அளவில் தீட்டித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பழைய படங்கள் இருந்தால் அனுப்பும்படி கேட்டேன். அன்று மாலையே வரத் தொடங்கிய படங்கள் இன்றுவரை நிற்கவில்லை. திருமணப் படம், பள்ளிப் படம், தீமிதிப் படம், சங்கக் கூட்டம், துரை வீட்டு வாசல் என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. போதாக்குறைக்குக் குரல் பதிவுகள். காலை ஆறரைக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் வந்துவிடும், விளக்கே வேண்டாம் என்கிறார் என் பாட்டி. ஆறரைக்குக் கும்மிருட்டு, தலையில் விளக்கு இல்லாவிட்டால் கோடே தெரியாது என்கிறார் என் சித்தப்பா. வாளி தகரம் என்கிறார் ஒருவர், பிளாஸ்டிக் என்கிறார் இன்னொருவர். கங்காணியை வரையாவிட்டால் திறப்பு விழாவுக்கே வரமாட்டேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். இதற்கிடையில் ஓவியக் காணொளிகள் வேறு. முதல் பூச்சு சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர், பழுப்பில்தான் இருக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா என்பதிலும் அதே சண்டை. மாதிரி வரைபடத்தைப் பலமுறை மாற்றிவிட்டேன். கித்தானில் அடிப்பூச்சைத் தவிர ஒன்றும் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது? பெரியவர்கள் சொல்வதை ஏற்காமல் விடுவது மரியாதைக் குறைவாகாதா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரிக்கு வணக்கம். சிக்கலின் வேர், ஏற்பாட்டாளர்கள் கேட்ட "பெரட்டையும் பால்வெட்டையும்" என்ற அந்த ஒரு வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரட்டு என்பது, பொழுது விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துத் தருவது. பால்வெட்டு என்பது, அதன்பின் ஒவ்வொருவரும் தத்தம் மர நிரைக்குப் போய், ரப்பர் மரப் பட்டையில் சாய்வாகக் கோடு வெட்டிப் பாலை இறக்குவது; மரத்தோடு மரமாக நின்று தனியே செய்வது. முன்னதில் கூட்டமும் விளக்கொளியும். பின்னதில் தனிமையும் விடியலும். இரண்டையும் ஒருசேரப் பார்த்த கண் அந்தத் தோட்டத்தில் ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. இரண்டு இடமும் இரண்டு நேரமும் ஒரே கித்தானில் இருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணும்வரை, வருகிற ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு வகையில் பொருத்தமாகவே தோன்றும். எதையும் விலக்குவதற்கு உங்களிடம் காரணம் இராது. படங்கள் கூடிப்போனதால் நீங்கள் திணறவில்லை. எந்தக் காட்சி என்று முடிவு செய்யுமுன்பே படங்களைத் திறந்துவிட்டதால் திணறுகிறீர்கள்.

ஆகவே இரண்டில் ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் பால்வெட்டையே எடுக்கச் சொல்வேன். பெரட்டை வரைந்தால் முப்பது முகம் வரைய வேண்டும். முப்பது முகம் வரைந்தால், இது எங்கள் தாத்தா மாதிரியே இல்லையே என்று முப்பது குடும்பம் உங்களிடம் வரும். கங்காணிக்கும் பால்வெட்டுக் காட்சியில் இடம் உண்டு. நிரைகளுக்கு நடுவே, தூரத்தில், வெட்டைச் சரிபார்த்துக்கொண்டு நடந்து வரும் உருவமாக அவரைச் சிறியதாக வைக்கலாம். அது கண்ணுக்கு ஆழத்தையும் தரும்; அந்தப் பெரியவரையும் திறப்பு விழாவுக்கு வரவழைத்துவிடும்.

அடுத்து, ஆண்டு. இங்கேதான் உங்கள் பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் இடையிலான வழக்கு தீர்கிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981ஆம் ஆண்டு முடியும்வரை கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காக, 1982ஆம் ஆண்டு பிறந்தபோது அதை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்றிலிருந்து எட்டு மணி நேரக் கணக்கு. அதாவது, பாட்டி ஆறரை என்று சொல்லும் அதே பொழுதை இன்றைய கடிகாரம் ஏழு என்று காட்டும். உங்கள் பக்கத்தில் இப்போது சூரியன் மாதத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் எழுகிறது. ஆகவே பாட்டி காலத்து ஆறரையில், சூரியன் எழாத நாளிலும் வானம் வெளுத்திருக்கும். சித்தப்பா காலத்து ஆறரையில் இருட்டுத்தான். இருவர் சொல்வதும் மெய். இப்படிப்பட்ட முரண்களை, யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்கும் வேலையாக நீங்கள் எடுத்துக்கொண்டால் ஓவியம் ஒருபோதும் தொடங்காது. எந்த ஆண்டை வரைகிறேன் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், தகர வாளியா பிளாஸ்டிக் வாளியா, எந்த விளக்கு, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு எதனால் ஆனது, தலையில் கட்டிய துணி எப்படிப்பட்டது என்ற கேள்விகளில் பாதி தாமாகவே விடை பெற்றுவிடும். பாட்டி காலம் என்றால் பாட்டியின் சாட்சி. சித்தப்பா காலம் என்றால் சித்தப்பாவின் சாட்சி.

காட்சியும் ஆண்டும் முடிவான பிறகும் உடனே படங்களைத் திறக்க வேண்டாம். உள்ளங்கை அகலத் தாளில், வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு ஆகிய மூன்றே தொனிகளில், நினைவிலிருந்து மட்டும் இந்தக் காட்சியை வரைந்து பாருங்கள். முகம் வேண்டாம், விரல் வேண்டாம், இலை வேண்டாம். மரத்தண்டுகளின் இருட்டு எங்கே, வானத்தின் வெளிச்சம் எங்கே, ஆள் எங்கே என்பது மட்டும் போதும். இப்படிச் சில வரைந்து, தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு பெண் மரத்தடியில் குனிந்து நிற்கிறாள் என்பது தெரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதவை எவை என்று எழுதுங்கள். பட்டியல் நீங்கள் அஞ்சுவதைவிடச் சிறியதாகவே இருக்கும். வெட்டும்போது முழங்கால் எவ்வளவு மடங்கும்? கத்தியை இழுத்து வெட்டினாரா, தள்ளி வெட்டினாரா? உரித்த கோட்டுப்பாலை எங்கே போட்டார்? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படங்களுக்குள் போனால், நூற்றுக்கணக்கான படங்களில் ஐந்தாறுதான் உங்களோடு பேசும். திருமணப் படங்களும் தீமிதிப் படங்களும் இதற்கு விடை சொல்லப் போவதில்லை. அன்றைய படச்சுருளுக்கு விடியற்காலை வெளிச்சம் போதாது. வெட்டுக்காட்டுக்குள் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் குறைவு. உங்களிடம் குவிந்திருப்பவை பெரும்பாலும் விசேஷ நாளில், நல்ல வெயிலில், நல்ல உடுப்பில் எடுத்தவையாகவே இருக்கும்.

படத்தில் கிடைக்காத விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டியால் எழுந்து நிற்க முடியுமானால், ஒரு பழைய வெட்டுக் கத்தியையோ அதன் நீளத்தில் ஒரு குச்சியையோ கையில் கொடுத்து, வாசல் தூணை மரமாக நினைத்துக்கொண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் முந்தைய நாள் கோட்டில் உறைந்து கிடக்கும் பாலை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பார். அதை இடுப்புப் பையில் போடுவார். அதற்குப் பிறகுதான் கத்தி கோட்டில் ஏறும். கடைசியில் கை தானாகவே கீழே போய் மங்கை நிமிர்த்தி வைக்கும். பல்லாண்டு வெட்டிய உடம்பு இந்த வரிசையை மறக்காது. அந்தக் குனிவையும், எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதையும் நீங்கள் பென்சிலால் பிடித்துவிட்டால், குழுவில் வந்த படங்கள் அத்தனையும் சேர்ந்து தராத ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும்.

எல்லா விவரமும் சம எடை உள்ளவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாளியின் நிறம் தவறினால் யாரும் மனம் நோக மாட்டார்கள். ஆனால் வெட்டுக்கோடு தவறினால் உங்கள் மண்டபத்தில் பாதிப்பேர் அந்த ஓவியத்தை நம்ப மாட்டார்கள். மரத்தைப் பார்த்து நிற்பவருக்குக் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வரும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல், சற்றே வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் இடவலமாகத் திருப்பி அமைத்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இங்கே விழிப்பாக இருங்கள். திருப்பிய படத்தைப் பார்த்து வரைந்தால் கோடும் திரும்பிவிடும். இலைகளிலும் அப்படித்தான். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் என்பதை அருகிலுள்ள ஒரு கிளையில் காட்டினால் போதும். மற்றவை பச்சைத் திரளாக இருக்கட்டும். செம்பட்டையாக உதிரும் இலைகள் அழகாக இருக்கின்றன என்று அவற்றைச் சேர்க்க நினைத்தால், நீங்கள் ஆண்டின் தொடக்கத்து இலையுதிர் பருவத்தை வரைகிறீர்கள் என்று பொருள். அப்பருவத்தில் பால் குறையும். நிரம்பி வழியும் மங்கை அங்கே காட்டக்கூடாது.

வெளிச்சத்தையும் ஒரே இடத்திலிருந்து வர வையுங்கள். பால்மரத்தை விடியலில் வெட்டுவதற்குக் காரணம், வெயில் ஏறுமுன் பால்குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதுதான். சூடு ஏற ஏற ஒழுக்கு குறையும். ஆகவே உங்கள் ஓவியத்தின் ஒளி, தாழ்வான, மங்கலான, ஒரு பக்கத்து வானிலிருந்து வரும் ஒளி. நண்பகலில் எடுத்த ஒரு படத்திலிருந்து மரத்தையும், படக்கருவியின் மின்வெட்டொளியில் எடுத்த இன்னொன்றிலிருந்து முகத்தையும் எடுத்து ஒட்டினால், ஒவ்வொன்றும் தனியே உண்மையாக இருந்தும் சேர்க்கை பொய்யாகத் தெரியும். படத்திலிருந்து வடிவத்தை எடுங்கள், நிழலை எடுக்காதீர்கள்.

இந்தத் தொல்லை கைப்பேசியோடு பிறந்ததன்று. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1832இல் மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய், குறிப்பேடு குறிப்பேடாகக் கண்டதையெல்லாம் வரைந்தும் எழுதியும் கொண்டுவந்தார். ஊர் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் அவற்றைக் கொண்டு ஓவியங்கள் தீட்டினார். 1853இல் தம் நாட்குறிப்பில் அவர் எழுதியதன் சாரம் இது: அற்ப விவரங்களைப் போதிய அளவு மறந்து, மனத்தைத் தைத்தவை மட்டும் எஞ்சிய பிறகுதான் அந்தப் பயணத்திலிருந்து சுமாரான எதையேனும் செய்ய முடிந்தது, அதுவரை, துல்லியத்தின் மேல் கொண்ட மோகம் தம்மைத் துரத்திக்கொண்டே இருந்தது. குறிப்பெடுத்தது வீண் என்று அவர் சொல்லவில்லை. குறிப்பேடு மூடியிருந்த நேரத்தில் ஓவியம் நடந்தது என்கிறார். உங்களுக்கு அத்தனை ஆண்டு அவகாசம் இல்லை, திருவிழா காத்திராது. ஆனால் படங்களை ஒரு வாரம் திறக்காமல் இருக்க முடியும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. வந்து குவியும் செய்திப் படங்களையே ஓவியத்துக்குள் கொண்டுவந்து, அதையே தம் கலையாக்கியவர் நம் நாட்டு ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம். அவருடைய படைப்புகளில் செய்தித்தாள் ஒளிப்படம் சான்றாகவும் குற்றச்சாட்டாகவும் நிற்கும். அது வேறு நோக்கம். அதற்கு வேறு துணிச்சல் வேண்டும். உங்கள் கோயில் மண்டபம் கேட்பது அதுவன்று என்றுதான் நினைக்கிறேன்.

இனி, மரியாதை. பெரியவர்கள் அனுப்பிய படங்களை ஓவியத்துக்குள் திணிப்பது அவற்றுக்கு மரியாதையாகாது. கூட்டத்தில் ஒரு புள்ளியாகத்தான் அவை போய்ச் சேரும். அவற்றுக்குத் தனி இடம் கேளுங்கள். ஓவியத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காட்சிப் பலகை வைத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் இருப்பவர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். இந்தப் பொறுப்பை நீங்கள் சுமக்க வேண்டாம். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்து, இனிப் படங்களை அவருக்கே அனுப்பும்படி குழுவில் அறிவித்துவிடுங்கள். அனுப்பியவருக்குத் தம் படம் வீணாகவில்லை என்ற நிறைவு கிடைக்கும். உங்களுக்கு இரவில் தூக்கம் கிடைக்கும். ஓவியத்தின் வளர்ச்சியைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பெரிய வடிவங்களைப் பூசி முடித்து, நுண்விவரங்களைத் தொடுமுன், பால் வெட்டிய அனுபவம் உள்ள இருவரை மட்டும் வீட்டுக்கு அழைத்து, ஒரு தேநீர் கொடுத்து, பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் திருத்துவது எளிது.

வண்ணச் சண்டைக்கு நீண்ட பதில் தேவையில்லை. சாம்பல் அடிப்பூச்சிலும் நல்ல ஓவியம் பிறந்திருக்கிறது, பழுப்பிலும் பிறந்திருக்கிறது. விடியல் காட்சிக்கு நான் பழுப்பை எடுப்பேன். மேலே வரும் குளிர்ந்த நீலச் சாம்பலுக்கு அது அடியிலிருந்து சூடு கொடுக்கும். எண்ணெய் வண்ணம் நீர் வற்றுவதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும் மிகுந்த பூச்சு மேலேயும் வர வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் வெடிக்கும். தேதி குறித்த வேலைக்கு, ஆறடிக் கித்தானில், இந்தப் பொறுமை கிடைக்காது. அக்ரிலிக்கை எடுங்கள். நீர் வற்றியதும் உலர்ந்துவிடும். தவறினால் மேலேயே பூசலாம். காயும்போது நிறம் சற்றே கறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, இருட்டுப் பகுதிகளை ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள். ஓவியம் சுவரில் ஏறும்வரை இனி ஒரு செய்முறைக் காணொளியும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஓவியம் தீட்டும்போது கைப்பேசியை அணைத்துவைக்கச் சொல்கிறார்கள். மாதிரிப் படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?
— இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தேவையான படங்களை அச்சிட்டுக்கொண்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். திரை ஒளியைத் தானே உமிழ்கிறது. வண்ணமோ மேலே விழும் ஒளியைத் திருப்பித்தான் தர முடியும். திரையில் மின்னும் வெள்ளையைக் கித்தானில் எட்ட நினைத்து எல்லாவற்றையும் வெளிறடித்துவிடுவது பலருக்கு நேர்கிறது. அறையின் வெளிச்சத்துக்கேற்பத் திரை தன் பொலிவை மாற்றிக்கொள்ளும், இரவானால் மஞ்சளாகிவிடும். காலையில் பார்த்த நிறமும் மாலையில் பார்த்த நிறமும் ஒன்றாக இரா. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். புலனத்தில் வந்த ஒரு செய்தியைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் கலக்கிக்கொண்டிருந்த பச்சை வண்ணத்துக்குள் மனம் மீண்டும் நுழைய அரை நிமிடம் போதாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). எங்கள் குழுவில் இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த தோட்டப் படங்களைப் பகிர்கிறார்கள். பார்க்க மிக அழகாக இருக்கின்றன. இவற்றை ஓவியர்கள் மாதிரியாகக் கொள்ளலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நிறச் சேர்க்கைக்கு யோசனை பெறலாம், விவரத்துக்கு நம்பக்கூடாது. அந்தக் கருவி எண்ணற்ற படங்களிலிருந்து கற்ற சாயலைக் கலந்து தருகிறது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற பொறுப்பு அதற்கு இல்லை. நான் பார்த்த படங்கள் சிலவற்றில் கோடே இல்லாத மரத்தில் மங்கு தொங்கியது. இன்னொன்றில் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக வெட்டியிருந்தார்கள். அப்படி வெட்டினால் மரம் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. பெரிய ஆபத்து, இவை உண்மையான பழைய படங்களோடு கலந்துவிடுவதுதான். பத்தாண்டு கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் எது எது என்று பிரிக்கத் தெரியாமல் நிற்பார்கள். நீங்கள் கணக்கேடு எழுதிப் பழகியவர். உங்கள் குழுவில் வரும் படங்களுக்கு மூலத்தைக் கேட்டு, இது ஒளிப்படம், இது இயந்திரம் வரைந்தது என்று குறித்துவைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டால், உங்கள் ஊர் ஓவியர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஓவியப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துகிறேன். "எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தால், பிள்ளைகள் கையேட்டுக் கணினியில் தேடித் தேடிப் படங்களைச் சேமிக்கிறார்கள். வரையத் தொடங்கினால் எல்லாருடைய தாளிலும் ஒரே மலை, ஒரே ஆறு, ஒரே சூரியன். என்ன செய்யலாம்?
— ஆசிரியை, கோலக்கங்சார்

பதில்: சேமிப்பதையே பார்ப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்கள்தாம் குறைவாக நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் அண்மைக்காட்சியாக எடுத்தவர்களுக்கு அந்தக் குறை நேரவில்லை. பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால் கண் வேலை செய்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் ஊரில் இதற்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு பாடப்பொருள் நிற்கிறது. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலக்கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளுள் எஞ்சியது என்று போற்றப்படும் மரம் அது. பிள்ளைகளைக் கருவி எதுவும் இல்லாமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவருக்கு அடிமரத்துப் பட்டை, ஒருவருக்கு வேர் மண்ணுக்குள் இறங்கும் இடம், ஒருவருக்கு முதல் கிளை பிரியும் கோணம், ஒருவருக்கு விழுந்து கிடக்கும் இலை. பத்து நிமிடம் பார்க்கட்டும், தாள் கொடுக்காதீர்கள். பள்ளிக்குத் திரும்பிய பிறகு நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளட்டும். மறுவாரம் மீண்டும் போகும்போது, அந்தக் கேள்விக்குறிகளுக்கு மட்டும் விடை தேடி வரட்டும். அப்போது வேண்டுமானால் ஆளுக்கு ஒரே ஒரு படம் எடுக்க அனுமதியுங்கள். போட்டிக்கு அனுப்பும் தாளில் மலையும் சூரியனும் வராமல் இருக்க நீங்கள் தடை விதிக்க வேண்டியிராது; அவற்றுக்கு இடம் இருக்காது. நடுவர்களுக்கு ஒரு மரத்தின் அடிப்பகுதி மட்டும் உள்ள தாள் "எங்கள் ஊர்" என்ற தலைப்புக்குப் பொருந்துமா என்ற ஐயம் வரக்கூடும் என்பதால், தாளின் ஓரத்தில் மரத்தின் பெயரையும் நட்ட ஆண்டையும் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.